மலைக்குளிரும் காலுடையும்



வெப்ப நாட்டிலே பிறந்து வளர்ந்த நமக்குக் குளிரைப் பற்றிய அறிவு பெரும்பாலும் கேள்வியறிவே. யாழ்ப்பாணத்து மார்கழிப் பனி ஒரு போர்வையோடு அடங்கிவிடும். நுவரெலியாவிலும் ஓட்டன் சமவெளியிலும் தை, மாசி மாதங்களில் சில நாட்களிற் புல்நுனியில் உறைபனி படிவதை மலையகத்தார் அறிவர். ஆனால், இன்று நம் நாட்டு இளைஞர் இதனினும் கடுங்குளிரை நாடி, முதுகிற் பொதி சுமந்து, இமயமலைச் சாரலிலே நாட்கணக்காக நடந்து வருகின்றனர். 2016ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் திகதி ஜயந்தி குரு உதும்பால என்னும் பெண்மணி எவரெஸ்ற் சிகரத்தை அடைந்தார். இலங்கையர் ஒருவர் அச்சிகரத்தை எட்டியது அதுவே முதன்முறை. ஆகவே, குளிர்மலை வழியிலே உடலைக் காப்பது எவ்வாறு என்னும் வினா நமக்குப் புறம்பானதன்று. அதில் ஒரு சிறு பகுதியை, கால்களின் காப்பை, இன்று எடுத்துக்கொள்வோம்.

மலைப்பயணத்துக்கு ஆயத்தமாகும் நம்மவர் மூட்டையை அவிழ்த்துப் பாருங்கள். கம்பளிச் சட்டை இரண்டு இருக்கும். தலைக்குக் குல்லாவும் கழுத்துக்குச் சால்வையும் கைக்கு உறையும் இருக்கும். காலுக்கோ, ஊரிலே அணியும் பருத்திக் காற்சட்டைதான். கேட்டால், “நடக்கிற காலுக்குக் குளிர் ஏது?” என்பார்கள். இக்கூற்றிற் பாதி உண்மை. மற்றப் பாதியிலேதான் ஆபத்து இருக்கிறது.

உண்மையான பாதியை முதலிற் பார்ப்போம். தசை செலவிடும் ஆற்றலில் ஏறக்குறையக் காற்பங்குதான் வேலையாகிறது, எஞ்சியது வெப்பமாகிறது. உடலின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் உள்ளன. எனவே, மலையேறுபவனின் கால்கள் எரியும் அடுப்புக்கு ஒப்பானவை. அவற்றைத் தடித்த உடையால் மூடினால் வியர்வை பெருகும், உடை நனையும்.

இனி ஆபத்தான பாதி. நடை நின்றதும் அடுப்பு அணைகிறது. அப்பொழுது நனைந்த துணி காலோடு ஒட்டிக் கிடக்கிறது. நீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவது. தீக்காயங்களை அளவிடும் மருத்துவர் ஒவ்வொரு காலையும் உடற்பரப்பில் நூற்றுக்கு 18 பங்காகக் கணக்கிடுவர். இரண்டு காலும் சேர்ந்தால் 36 பங்கு. உடலின் மூன்றிலொரு பகுதிக்கு மேல் ஈரத்துணியோடு காற்றிலே விடப்பட்டால், மேலே இரண்டு கம்பளிச் சட்டை அணிந்தும் பயன் சிறிதே.

இதனைக் காண இமயத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலையை இரவிலே ஏறுபவர்களைப் பாருங்கள். படியேறும்போது அவர்கள் மேற்சட்டையைக் கழற்றிக் கையிற் பிடித்திருப்பார்கள். உச்சியை அடைந்து, சூரிய உதயத்துக்காகக் காத்திருக்கும் வேளையிலேதான் பற்கள் கிட்டிக்கத் தொடங்கும். நீர் உறையும் அளவுக்குக் குளிர் இல்லாதபோதும் ஈரமும் காற்றும் கூடினால் மனித உயிருக்கு ஊறு நேரலாம். உடலின் உள்வெப்பம் 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அது மருத்துவ அபாயம். நடுக்கம், நாக்குழறல், நடையிலே தடுமாற்றம் ஆகியன அதன் அறிகுறிகள். இறங்குவழியிற் கால் தடுமாறினால் விளைவு யாதென்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, நடக்கும்போது குறைந்த உடையும் நிற்கும்போது மிகுந்த உடையும் கால்களுக்கு வேண்டும். இதற்கு வழி, தடித்த ஒரே காற்சட்டையன்று. மெல்லிய பல அடுக்குகளே. வெப்பத்தைக் காப்பது துணியன்று, துணி சிறைப்படுத்தும் காற்றே. குளிர்ந்த காலையிலே கோழி தன் இறகைச் சிலிர்த்துக்கொண்டு நிற்பது இக்காரணம் பற்றியே.

முதலாவது அடுக்கு, உடலோடு படியும் உள்காற்சட்டை. மெரினோ என்னும் மென்கம்பளியாலோ பொலியெஸ்டராலோ ஆனது நன்று. பருத்தி நீரை உறிஞ்சி நெடுநேரம் விடாது. மலையில் அதனை விலக்குக. இரண்டாவது, மெல்லிய நைலோன் நடைக்காற்சட்டை. பெரும்பாலான பகற்பொழுதுக்கு இதுவே போதும். மூன்றாவது, இறகுத்தூவியோ செயற்கைப் பஞ்சோ அடைத்த உப்பிய காற்சட்டை. இஃது ஓய்வுக்குரியது. இருமருங்கும் முழு நீளத்துக்குச் ‘சிப்’ வைத்ததாயின், சப்பாத்தைக் கழற்றாமலே அணியலாம். தூவி எடை குறைந்தது. ஆனால் நனைந்தால் ஒடுங்கிவிடும். செயற்கைப் பஞ்சு சற்றுப் பாரமாயினும் ஈரத்திலும் ஓரளவு காக்கும். நான்காவது, மழையையும் காற்றையும் தடுக்கும் மேற்காற்சட்டை. நடைக்காற்சட்டை நீங்கலாக ஏனைய மூன்றும் சேர்ந்து ஒரு கிலோகிராமுக்குட்பட்ட எடையிலே கிடைக்கின்றன. முதுகிலே சுமப்பவனுக்கு இஃது ஒரு பெரும் வசதி.

இவற்றைப் பயன்படுத்தும் முறையை ஒரு வழியிலே வைத்துக் காண்போம். எவரெஸ்ற் அடிவார முகாமுக்கு நடப்போர் 2,860 மீற்றர் உயரத்திலுள்ள லுக்லாவிற் புறப்பட்டு, 4,940 மீற்றர் உயரத்திலுள்ள லொபுசே வழியாகச் செல்வர். ஆயிரம் மீற்றர் ஏறுந்தோறும் சராசரியாக ஆறரைப் பாகை வெப்பம் குறையும் என்பதால், இவ்விரண்டு இடங்களுக்குமிடையே ஏறத்தாழ 13 பாகை வேறுபாடு உண்டு. விடியலிலே உள்காற்சட்டையோடு புறப்படுக. ஏற்றம் தொடங்குமுன், வியர்க்குமுன், அதனைக் கழற்றுக. தேநீருக்காகத் தங்கினால் உப்பிய காற்சட்டையை உடனே அணிக. நடுக்கம் வரட்டுமென்று காத்திருத்தல் ஆகாது. உட்காருமிடத்திலும் முழங்காலிலும் பஞ்சு நசுங்குவதால் கீழே ஒரு பாய்த்துண்டை இடுக. இரவுக்கென ஓர் உலர்ந்த உள்காற்சட்டையை நீர்புகாப் பையிலே வைத்திருந்து, அதனோடு மட்டும் உறங்குக. ஓர் அடுக்கும் இறுக்கமாயிருத்தல் கூடாது. இறுக்கினால் காற்றும் வெளியேறும், குருதியோட்டமும் தடைப்படும்.

வரலாறும் இதற்குச் சான்று பகரும். 1924ஆம் ஆண்டு எவரெஸ்றில் மறைந்த ஜோர்ஜ் மலோரியின் உடல் 1999இற் கண்டெடுக்கப்பட்டது. பட்டு, பருத்தி, கம்பளி ஆகிய மெல்லாடைகளின் மேல் கபடீன் என்னும் நெருக்கமான நெசவுத்துணி அணிந்திருந்தார். அவ்வுடைகளைப் போன்றே மீண்டும் நெய்து தைத்து, 2006இல் கிரஹம் ஹொய்லண்ட் என்பவர் எவரெஸ்ற் மலைச்சாரலில் அணிந்து பார்த்தார். நல்ல வானிலையில் ஏறுதற்கு அவை ஏற்றவை. வெட்டவெளியில் ஓரிரவு தங்கினாலோ உயிர் தாங்காது என்பதே அவர் கண்ட முடிவு. நடப்பதற்கான உடை வேறு, தங்குவதற்கான உடை வேறு என்பது இதனால் விளங்கும்.

பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே, மலைநாட்டுச் சுற்றுலாவுக்கோ இமயப் பயணத்துக்கோ உங்கள் பிள்ளை பொதி கட்டும்போது, “எதை உடுத்து நடப்பாய்?” என்று மட்டும் கேட்டு அமையாதீர்கள். “நடை நின்றதும் காலுக்கு எதை உடுப்பாய்?” என்றும் கேளுங்கள். மழையிலோ மூடுபனியிலோ வழி தவறி, ஓரிரவு மலையிலே தங்க நேர்ந்தால், அவ்வினாவுக்குரிய விடை பொதிக்குள்ளே ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.