காதடி எலும்பும் தீராத தொண்டை வலியும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



அல்லாஹ்வின் திருப்பெயரால் துவங்குகிறோம். வரவு செலவு வாசிக்கப்பட்டுவிட்டது. இனி, அதிகம் பேசப்படாத ஒரு நோயைக் குறித்துச் சில நிமிடங்கள் பேச விழைகிறோம்.

தொழுகையின் இறுதியில் ஸலாம் கொடுக்கக் கழுத்தைத் திருப்பும்போது, காதிலும் தொண்டையிலும் ஊசி குத்தினாற்போல் வலி பாய்கிறது என்று நம் மஹல்லாவாசிகள் சிலர் கூறக் கேட்டோம். அவர்களுள் ஒருவர் இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிய பின்னரும் வலி நீங்கவில்லை.

இத்தகைய வலிக்கு 'ஈகிள் நோய்க்குறி' ஒரு காரணமாகலாம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வாட் ஈகிள் என்னும் காது மூக்கு தொண்டை மருத்துவர் 1937இல் இதனை விளக்கினார். காதுக்குக் கீழே, எழுத்தாணி போன்று மெலிந்த எலும்பு முனை ஒன்று இருபுறமும் உண்டு. அதன் இயல்பான நீளம் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர். 3 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தாலோ, அதனைச் சார்ந்த தசைநார் எலும்பாக இறுகினாலோ, அருகிலுள்ள ஒன்பதாவது மூளை நரம்பு உரசப்படலாம். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் வலி. தொண்டையில் மீன்முள் சிக்கியது போன்ற உணர்வு. எலும்பு நீண்டிருப்போர் அனைவருக்கும் வலி வருவதில்லை. மிகச் சிலருக்கே வருகிறது. எனவே எக்ஸ்ரேயில் நீளம் கண்டவுடன் அஞ்ச வேண்டியதில்லை.

மருத்துவர் வாய்க்குள் விரலிட்டு, டான்சில் இருக்கும் குழியைத் தொட்டுப் பார்ப்பார். அவ்விடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டவுடன் வலி தணிந்தால் ஐயம் வலுப்படும். சி.டி. ஸ்கேன் உறுதி செய்யும். முதலில் கார்பமாசெபின், காபாபென்டின் போன்ற நரம்பு வலி மாத்திரைகள். தேவையெனில் ஸ்டீராய்டு ஊசி. அவற்றுக்கும் அடங்காவிடில், வாய்வழியாகவோ கழுத்துவழியாகவோ அந்த முனையை அறுவை செய்து குறைப்பர். மாத்திரைகளைத் தாமாக நிறுத்தலாகாது. ரமளானில் நோன்பு நோற்க விரும்புவோர், ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப வேளையை மாற்ற இயலுமா என மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். கழுத்தைத் திருப்ப இயலாதவர் இயன்ற அளவில் தொழ மார்க்கத்தில் சலுகை உண்டு. இதற்காகப் பள்ளிவாசலுக்கு வராதிருக்க வேண்டாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முடிதிருத்தும் கடையில் கழுத்தை நெட்டி முறிப்பதும், சுளுக்கெடுப்பவரிடம் கழுத்தை ஒப்படைப்பதும் நம்மிடையே சாதாரணமாகிவிட்டன. மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிகள் கழுத்து வழியே செல்கின்றன; அவை கிழிந்தால் பக்கவாதம் வரலாம். வாய் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

மற்றொன்று, இதனினும் முக்கியமானது. வெற்றிலை, புகையிலை, பீடிப் பழக்கமுடையோருக்கு ஒரு பக்கத் தொண்டை வலியும் காது வலியும் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், குரல் கம்மினால், கழுத்தில் கட்டி தென்பட்டால், அது புற்றுநோயா என்றே முதலில் பார்க்க வேண்டும். ஈகிள் என்று தாமாக முடிவு கட்டிக் காத்திருத்தல் பேராபத்து.

திண்டிவனத்தார் விழுப்புரம் செல்லும் வழியில், விக்கிரவாண்டியைக் கடந்ததும் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. 2010 முதல் இயங்கி வருகிறது. காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டலாம். புதுச்சேரி ஜிப்மரும் தொலைவில் இல்லை. பழைய எக்ஸ்ரே, மாத்திரைச் சீட்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆகியவற்றை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். பற்களைப் பிடுங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.