கண்ணிமை கறுக்கும்போது

மாநகர சபையின் மூத்தோர் நலக் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை



கண்ணைச் சுற்றிக் கறுத்தால் தூக்கமின்மை என்கிறோம். அரித்தால் ஒவ்வாமை என்கிறோம். பெரும்பாலும் அது சரியே. ஆனால் அரிதாக, மேலிமைகளின் நிறமாற்றம் டெர்மடோமயோசைட்டிஸ் என்னும் நோயின் முதல் அடையாளமாக அமைகிறது. இதில் உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்தத் தோலையும் தசையையுமே தாக்குகிறது.

மருத்துவ நூல்கள் இந்நிறத்தை ஹீலியோட்ரோப் மலரின் ஊதாவுக்கு ஒப்பிடுகின்றன. வெளிறிய தோலைப் பார்த்து எழுதிய ஒப்புமை அது. நமது தோலில் அது கரும்பழுப்பாகவோ, வெறும் இமை வீக்கமாகவோ தோன்றலாம்.

ஆகவே இமையோடு நின்றுவிடாதீர்கள். விரல் கணுக்களின் மேல் தடிப்புகள் உண்டா? நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா? தலைவாரக் கையை உயர்த்த முடிகிறதா? இவற்றையெல்லாம் முதுமையின் கணக்கில் எழுதிவிடுவது நம் வழக்கம். இமைக்கு ஒரு களிம்பு, தோளுக்கு ஒரு மாத்திரை எனத் தனித்தனியே கேட்டால் தொடர்பு புலப்படாது. குடும்ப வைத்தியரிடம் அனைத்தையும் ஒரே தடவையில் கூறுங்கள். கிரியேட்டின் கைனேஸ் என்னும் தசை நொதியை இரத்தத்தில் அளப்பார்கள். சிலருக்குத் தோல் மட்டுமே பாதிக்கப்படுவதால், அந்த அளவு சரியாக இருந்தாலும் நோய் இல்லையென்று ஆகாது. தோலில் சிறு துண்டெடுத்துச் சோதிக்க நேரலாம்.

சிகிச்சை பிரெட்னிசலோனில் தொடங்குவது வழக்கம். நீரிழிவு உள்ளவர்களுக்கு அது சர்க்கரையை உயர்த்தும். ஆயினும் திடீரென நிறுத்துவது ஆபத்து. மெதோட்ரெக்சேட் தரப்பட்டால், அது வாரத்திற்கு ஒரே நாள் உட்கொள்ளும் மருந்து. நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே தீங்கு நேரும். வெயில் தடிப்புகளைத் தூண்டும். ஆஸ்திரேலிய வெயிலுக்குத் தொப்பியும் களிம்பும் வேண்டும். மூச்சுத் திணறினாலோ, விழுங்கும்போது புரையேறி அடைத்தாலோ 000 எண்ணை அழையுங்கள்.

இன்னொன்று, சொல்லக் கடினமானது. வயதுவந்தோர் சிலரிடம் இந்நோயோடு புற்றுநோயும் மறைந்திருக்கும். அதனாலேயே வைத்தியர் உடல் முழுவதையும் சோதிக்க விரும்புவார். மொழிபெயர்க்க வரும் மகனோ மகளோ அந்த ஒரு சொல்லை மட்டும் அன்பினால் விழுங்கிவிடுவதுண்டு. தாயாரோ, 'கண்ணுக்குத்தானே வந்தேன், வயிற்றை ஏன் படம் எடுக்க வேண்டும்?' என்று மறுத்துவிடுவார். நேரம் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். தேசிய மொழிபெயர்ப்புச் சேவையின் தொலைபேசி எண் 131 450.