சித்தாள் என்றால் பெண், கொத்தனார் என்றால் ஆணா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன மாதம் நம்ம குழு ஒன்றில் ஒரு கடன் விண்ணப்பம் வந்தது. கேட்டவர் பதினோரு வருடமாகக் கட்டிட வேலைக்குப் போகிற சகோதரி. பெயர் வேண்டாம், அவங்க இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க. கரணை, மட்டப்பலகை, ரசமட்டம், சாரத்துக்குப் பலகை எல்லாம் வாங்கி, சின்னச் சின்னப் பூச்சு வேலைகளைத் தானே எடுத்துச் செய்யப் பத்தாயிரம் ரூபாய் கேட்டார். சேமிப்பு, வருகை, பழைய கடன் கட்டியது எதிலும் குறையில்லை. ஆனாலும் குழு மறுத்துவிட்டது.

மறுத்தது வங்கி மேலாளர் இல்லை, வீட்டுக்காரர் இல்லை. நாமதான். "ஆம்பள வேலைக்கு எதுக்குக் கடன்?" என்று ஒருத்தர் கேட்டார். "சேலையோட சாரத்துல நிக்க முடியுமா?" என்று இன்னொருத்தர். கலவை நிறைந்த பாண்டைத் தலையில் வைத்துக்கொண்டு அதே சாரத்தில் அவர் பதினோரு வருடமாக ஏறுகிறாரே! சுமையோடு ஏறலாம், கரணையோடு ஏறக்கூடாது என்றால் என்ன கணக்கு?

வேலைத்தளத்தில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். பதினேழு வயதுப் பையன் கையாளாக வருகிறான். ஓய்வு நேரத்தில் கொத்தனார் அவனிடம் கரணையைக் கொடுத்து, "இந்த மூலையைப் பூசுடா" என்கிறார். கோணலாகப் பூசினால் திட்டுகிறார், மறுபடியும் கொடுக்கிறார். இரண்டு மூன்று வருடத்தில் அவன் கொத்தனார். பக்கத்திலேயே கலவை போடுகிற அக்காவிடம் யாரும் கரணையை நீட்டுவதில்லை. கடைசியில், "பெண்களுக்குத் தொழில் தெரியாது" என்கிறோம்.

இதில் கூலியும் அடங்கியிருக்கிறது. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976இல் சட்டம் வந்தது. 2019இல் அதை ஊதியச் சட்டத் தொகுப்பில் சேர்த்தார்கள். ஆனால் சட்டம் சொல்வது ஒரே வேலைக்கு. சித்தாள் வேலை வேறு, கொத்தனார் வேலை வேறு என்று பிரித்துவிட்டால் சட்டம் வாசலிலேயே நின்றுவிடும். சாயங்காலம் கூலி வாங்கும்போது பாதிக்குப் பாதி வித்தியாசம் வருவது அதனால்தான்.

எங்கள் பங்கையும் சொல்லியாக வேண்டும். இத்தனை வருடம் நாங்கள் உங்களுக்கு என்ன பயிற்சி கொடுத்தோம்? தையல், ஊறுகாய், அப்பளம், மெழுகுவர்த்தி. தையல் தப்பில்லை, பிழைத்தவர்கள் உண்டு. ஆனால் ஒரே தெருவில் ஆறு தையல் மெஷின் ஓடினால் யாருக்கு ஜாக்கெட் தைப்பது? கொத்தனார் பயிற்சி என்று ஒரு தடவைகூட எங்கள் திட்டத்தில் எழுதவில்லை. சமூகப்பணி படித்த எங்களுக்கே அது தோன்றவில்லை.

புதுக்கோட்டையை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பொம்பளை சைக்கிள் ஓட்டுவதா என்று கேலி பேசாத ஊர் இல்லை. லேடீஸ் சைக்கிள் போதவில்லை என்று ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்னால் இருக்கும் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று பிறகு அதையே விரும்பி வாங்கியவர்களும் உண்டு! தண்ணீர்க் குடம், விற்கிற காய்கறி எல்லாம் சைக்கிளில் போனது. இன்று பெண் சைக்கிளில் போனால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் கொடுக்கிறார்கள். செய்கிற ஆண்களோ 97 நிமிடம். அந்த வேலையைச் செய்கிற ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். மகன் தட்டைக் கழுவினால், "பொட்டச்சி மாதிரி என்னடா" என்று சொல்வதும் பல வீடுகளில் நாமேதான்.

விண்ணப்பம் இன்று மதியம் மறுபடியும் குழுவின் முன் வருகிறது. நம்ம அலுவலகத்தின் பின்பக்கச் சுவர் இரண்டு வருடமாகப் பூசாமல் கிடக்கிறது. அந்த வேலையை இந்தச் சகோதரியிடம் கொடுக்கலாம் என்று தலைவி சொல்லியிருக்கிறார். கூலி, கொத்தனார் கூலி. கலவை போட்டுத் தர ஒரு ஆள் வேண்டும். யார் வீட்டு ஆண்கள் சும்மா இருக்கிறார்களோ, சாப்பாட்டுக்கு முன்னால் பெயர் கொடுங்கள்.