பலிக்காத மந்திரமும் துள்ளும் தாளமும்



ப்ளூஸ் என்றாலே சோகப் பாட்டு என்று ஓர் எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. துள்ளலான ப்ளூஸ் காதில் விழுந்தால் அதை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். அந்தத் துள்ளலுக்குள்ளும் துயரம் அப்படியே இருக்கிறது, வேகம் அதைக் கரைப்பதில்லை என்பதே என் கட்சி. ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் பாடிய ‘காட் மை மோஜோ வர்க்கிங்’ என்ற ஒரே பாட்டை வைத்துக்கொண்டு இதைப் பேசுகிறேன்.

மோஜோ என்பது அமெரிக்கத் தெற்கில் கறுப்பின மக்கள் உடலோடு வைத்துக்கொள்ளும் மந்திரித்த சிறு துணிப்பை. பாடுகிறவனிடம் அது இருக்கிறது. நன்றாக வேலையும் செய்கிறது. அவன் ஆசைப்பட்ட பெண்ணிடம் மட்டும் பலிக்கவில்லை. பிரெஸ்டன் ஃபாஸ்டர் எழுதியது இது. பாட்டைக் கேட்டு ஆடாத கால் இருக்காது. ஆனால் சாகித்தியம் முழுக்கத் தோற்றவனின் முறையீடு.

சுருதிக்கு வருவோம். ப்ளூஸ் கிதார்காரர்களுக்கு ஈ மிகவும் இஷ்டமான சுருதி. விரலால் அழுத்தாத திறந்த தந்திகளே ஆதாரமாக நின்று முழங்கும். ஈ-யை ஷட்ஜமாக வைத்தால் ஷட்ஜம், மத்யமம், பஞ்சமம் ஆகிய மூன்றின் மேல் எழும்பும் மூன்று கார்டுகளே, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளே, பாட்டின் உடல். முதல் வரி நான்கு பார், அதே வரி மறுபடி நான்கு பார், பதிலாக வரும் மூன்றாம் வரி நான்கு பார். ஆக 12 பார், பாருக்கு நான்கு அடி வீதம் 48 அடி. இனிதான் விஷயம் இருக்கிறது. கார்டில் ஒலிப்பது அந்தர காந்தாரம். பாடுகிறவரோ அதற்குக் கீழே, சாதாரண காந்தாரத்தை ஒட்டி, சில சமயம் இரண்டுக்கும் நடுவே குரலை நிறுத்துகிறார். இரண்டு காந்தாரங்களும் ஒரே நேரத்தில் உரசுகின்றன. மேஜர் (அந்தர காந்தாரம்) என்றால் மகிழ்ச்சி, மைனர் (சாதாரண காந்தாரம்) என்றால் சோகம் என்ற பள்ளிக்கூடப் பாடம் இங்கே செல்லாது.

தாளம் திஸ்ர நடை. மூன்று மாத்திரையில் முதலும் கடைசியும் மட்டும் விழ, நடுவிலுள்ளது மௌனம். இதைத்தான் ஷஃபிள் என்கிறார்கள். விளம்பத்தில் பாடினால் மூன்றும் தனித்தனியே கேட்கும், காந்தாரத்தை இழுத்து வளைக்க இடம் கிடைக்கும். காலத்தைக் கூட்டினால் அந்த மௌனமே துள்ளலாகிவிடுகிறது. உரசல் போய்விடுவதில்லை, ஒரு கணம் தைத்துவிட்டு நகர்கிறது, அடுத்த வரியில் மறுபடி தைக்கிறது.

இதை ஒரு மேடையில் பார்ப்போம். 1960 ஜூலை 3, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் நியூபோர்ட் ஜாஸ் விழா. முந்தைய இரவு, உள்ளே இடம் கிடைக்காத இளைஞர் கூட்டம் குடித்துக் கலவரம் செய்ய, நகர நிர்வாகம் விழாவையே நிறுத்திவிட்டது. ஞாயிறு பிற்பகல் ப்ளூஸ் நிகழ்ச்சிக்கு மட்டும் அனுமதி. அதில் மடி தன் குழுவோடு மேடையேறினார்: பியானோவில் ஓடிஸ் ஸ்பான், மௌத்தார்கனில் ஜேம்ஸ் காட்டன், டிரம்ஸில் ஃபிரான்சிஸ் கிளே. இந்தப் பாட்டை வாசித்தார்கள். கூட்டம் விடவில்லை, மறுபடியும் வாசித்தார்கள். அந்த நிகழ்ச்சியின் படச்சுருளில் பாருங்கள்: மடி ஒரு வரி பாட, குழுவே திருப்பிப் பாடுகிறது; நடுவில் அவர் காட்டனைப் பிடித்திழுத்து ஜோடியாகச் சுழன்று ஆடுகிறார். பலிக்காத மந்திரத்தைப் பற்றிய பாட்டுக்கு இந்த ஆட்டம்! நான் எத்தனை முறை பார்த்தாலும் உடல் சிலிர்க்கும் இடம் அது.

அன்றே கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ், விழாவுக்கு விடை சொல்லும் வரிகளை அங்கேயே எழுதிக் கொடுத்தார். ஓடிஸ் ஸ்பான் அதைப் பாடினார், இம்முறை விளம்பம். மேடையும் குழுவும் அதுவே. சற்று முன் துள்ளிய பியானோவில் அதே விரல்கள்.

அந்த ஆண்டே செஸ் நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டின் முடிவில், மறுமுறை வாசித்த மோஜோவும் இந்த விடைப்பாட்டும் அடுத்தடுத்து வருகின்றன. இப்போது இரண்டையும் ஒலிக்கவிடுகிறேன். சொற்கள் புரியாவிட்டால் பாதகமில்லை. காந்தாரம் எங்கே நிற்கிறது என்று மட்டும் கவனித்துக் கேளுங்கள்.