டிரங்குப் பெட்டியில் இருந்த படைப்புகள்



எழுதியவர் வாழும் காலத்திலேயே எல்லா எழுத்தும் வாசகரைச் சென்றடைந்துவிடுவதில்லை. அமெரிக்க நாடகாசிரியரும் திரைப்பட இயக்குநருமான கேத்லீன் காலின்ஸின் வாழ்க்கை இதற்குச் சான்றாகும்.

1942-ஆம் ஆண்டு நியூஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி நகரில் கறுப்பினக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். கல்லூரியில் தத்துவமும் சமயமும் பயின்றார். மாணவியாக இருந்தபோதே, 1962-இல் ஜார்ஜியா மாநிலம் சென்று, கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்யும் பணியில் ஈடுபட்டுக் கைதானார். பின்னர் பாரிஸில் பிரெஞ்சு இலக்கியமும் திரைப்படமும் கற்றார். தாயகம் திரும்பிப் படத்தொகுப்பாளராகப் பணிபுரிந்தார். 1974 முதல் நியூயார்க் சிட்டி கல்லூரியில் திரைப்படக் கலை கற்பித்தார்.

போராட்டக் களம் கண்டவர் புறத்தையே பாடுவார் என்று எதிர்பார்ப்பது இயல்பு. காலின்ஸ் தேர்ந்ததோ அகம். 1982-இல் நியூயார்க்கில் அரங்கேறிய 'தி பிரதர்ஸ்' நாடகத்தில், சகோதரர்கள் சிலரின் வாழ்வு அவர்தம் குடும்பத்துப் பெண்களின் வாய்மொழியாகவே விரிகிறது. அதே ஆண்டில் அவர் எழுதி இயக்கிய 'லூசிங் கிரவுண்ட்' படத்தின் நாயகி சாரா, ஒரு தத்துவப் பேராசிரியை. அவள் கணவர் ஓவியர். பரவசம் என்னும் அனுபவத்தை ஏடுகளில் ஆராய்கிற சாரா, அது தன் வாழ்வில் வாய்க்கவில்லையே என்று உணர்கிறாள். அந்தத் தவிப்பே படத்தின் கரு.

கறுப்பினத்தார் என்றால் வறுமையும் வன்முறையுமே கதையாக வேண்டும் எனப் பழகிப்போன திரையுலகில், சிந்திக்கும் பெண்ணொருத்தியின் மனத்துக்கு இடமில்லை. படம் திரையரங்குகளுக்கு வரவேயில்லை. 1988-இல் மார்பகப் புற்றுநோய் அவர் உயிரைப் பறித்தது. அப்போது அவருக்கு வயது 46.

அவர் விட்டுச் சென்ற கதைகளும் நாடகங்களும் கடிதங்களும் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடந்தன. தாயை இழந்தபோது மகள் நீனாவுக்கு வயது 19. பல ஆண்டுகள் கழித்தே அவர் அந்தத் தாள்களை முழுமையாக வாசித்தார், படத்தையும் மீட்டெடுத்தார். 2015-இல் படம் திரைக்கு வந்து பாராட்டுப் பெற்றது. 2016-இல் சிறுகதைத் தொகுதி வெளிவந்தது. 2020-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், காக்கப்பட வேண்டிய படங்களின் தேசியப் பதிவேட்டில் 'லூசிங் கிரவுண்ட்' படத்தைச் சேர்த்தது.

இதைக் காலத்தின் தீர்ப்பு என்று சொல்லி ஆறுதல் கொள்வது எளிது. ஆனால் காலம் எந்தப் பெட்டியையும் தானாகத் திறப்பதில்லை. ஒரு மகள் திறந்தாள். அதனாலேயே ஒரு படைப்பாளி மீண்டார். அத்தகைய மகள் வாய்க்காத எழுத்தாளர்களின் பெட்டிகள் என்னவாயின?

கவிதை எழுதுவது கவிஞரின் கடமை. சக கவிஞரின் கையெழுத்துப் படியைக் கரையானுக்குக் கொடாமல் காப்பது இலக்கிய வட்டத்தின் கடமை. பத்தாண்டு நிறைவில் நினைவிற்கொள்ள வேண்டியது இதுவே.