முகப்பருவும் பத்தியமும்

எங்கள் பாடசாலையில் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவி ஒருத்தி, ஒரு நாள் காலைப் பிரார்த்தனை வேளையில் மயங்கி விழுந்தாள். முகத்தில் நீர் தெளித்து, தேநீர் பருகச் செய்து, காலையில் என்ன உண்டாய் என்று வினவினேன். அவள் தலை குனிந்தாள். முகத்திற் பரு தோன்றிய நாள் முதலாக மீன் இல்லை, முட்டை இல்லை, தேங்காய்ப்பாற் கறி இல்லை. வெறும் வயிற்றில் வேப்பிலைச் சாறு. மாலையில் போத்தலில் அடைத்த நெல்லிரசம். மூன்று மாதமாக இதுவே பத்தியம். வீட்டிலுள்ளோர் அன்பினாற் செய்வித்ததுதான். பரு மட்டும் குறைந்தபாடில்லை.

நேயர்களே, நான் வைத்தியன் அல்லன், கலைப் பட்டதாரி. ஆயினும் அன்று முதல் இவ்விடயத்தைத் தேடிப் படித்தேன்.

யாழ்ப்பாணத்திலே 'கிரந்தி' என்னும் சொல் வழங்காத வீடு அரிது. கத்தரிக்காய் கிரந்தி, இறால் கிரந்தி, நண்டு கிரந்தி. கறுத்தக்கொழும்பான் மாம்பழமோ சூடு. ஒவ்வாமையுடைய சிலருக்கு இறாலும் நண்டும் தோலிலே தடிப்பை உண்டாக்கும் என்பது மெய். ஆனால் முகப்பரு ஒவ்வாமையன்று. பருவமெய்துங் காலத்தில் ஓமோன்கள் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன. மிகுந்த எண்ணெயும் உதிர்ந்த தோற்கலங்களும் மயிர்த்துளையை அடைக்க, அங்கு இயல்பாகவே வாழும் பற்றீரியா பெருகி வீக்கம் உண்டாகிறது. இரத்தம் கெட்டதனால் வருவதன்று. பேதி கொடுத்தாற் போவதுமன்று.

அப்படியானால் உணவுக்கு இதிற் பங்கே இல்லையா? 1969 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் 65 பேருக்குச் சொக்கிளேற்று உண்ணக் கொடுத்துப் பார்த்து, பருவுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றனர். வைத்தியர் பலர் நெடுங்காலம் அதையே சொல்லி வந்தனர். ஆனால் ஒப்பீட்டுக்காகக் கொடுத்த மற்ற இனிப்பிலும் ஏறக்குறைய அதே அளவு சீனியும் கொழுப்பும் இருந்தன! இரண்டு மாணவருக்கும் ஒரே விடைத்தாளைக் கொடுத்துவிட்டு, எவன் கெட்டிக்காரன் என்று கேட்பது போன்றது இது.

2002 இல் வெளிவந்த ஆய்வொன்று என்னை வியக்கச் செய்தது. பப்புவா நியூகினியைச் சேர்ந்த கிற்றாவா என்னும் தீவிலே 1200 பேரைப் பரிசோதித்தனர்; அவர்களுள் 300 பேர் 15 முதல் 25 வயதினர். ஒருவர் முகத்திலேனும் பரு காணப்படவில்லை. அவர்கள் உண்பவை யாவை? கிழங்கு, பழம், தேங்காய், மீன். நாம் எவற்றை விலக்கச் சொல்கிறோமோ, அவையே அவர்களின் அன்றாட உணவு. அங்கு அரிதாக இருந்தவை சீனியும் மாப்பண்டமும். பரம்பரையும் ஒரு காரணமாகலாம். ஆகவே இதை முடிந்த முடிபாகக் கொள்ளல் ஆகாது.

2007 இல் அவுஸ்திரேலியாவில், பருவுடைய 43 இளைஞரை இரு பிரிவாக்கி 12 கிழமை கவனித்தனர். இரத்தத்திற் சீனியை விரைவில் ஏற்றாத உணவு உண்டவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. அவர்களின் உடல் நிறையும் குறைந்தமையால், எது எதற்குக் காரணம் என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. பாலுக்கும் பருவுக்கும் தொடர்பிருக்கலாம் எனச் சில கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. அதற்காக வளரும் பிள்ளையின் பாலை நிறுத்த வேண்டியதில்லை. உடற்பயிற்சி நிலையங்களில் இளைஞர் கரைத்துக் குடிக்கும் பாற்புரத மாவைப் பற்றி மட்டும் பெற்றார் சற்று விசாரிப்பது நன்று.

ஆகவே, குறைக்க வேண்டுமானால் குறைக்கத்தக்கவை சோடா, பணிஸ், வெள்ளைப் பாண், மூன்று கரண்டி சீனியிட்ட தேநீர். நெல்லிக்கனி நல்லதே, போத்தலில் வரும் நெல்லிரசத்திலோ கனியிலும் சீனிப்பாகே மிகுதி. இளநீரும் மோரும் தாகம் தீர்க்கும். அவற்றாற் பரு மறையும் என்பதற்குச் சான்றில்லை. மொட்டைக்கறுப்பன் சோறும் மீனும் கீரையும் அச்சமின்றி உண்ணலாம். மாதந்தோறும் குருதி இழக்கும் பெண்பிள்ளைக்கு இரும்புச்சத்துள்ள உணவை மறுத்தால், பருவினும் பெரிய துன்பமே வரும்.

கடையில் விற்கும் 'வெள்ளையாக்கும்' களிம்புகள் சிலவற்றில் ஸ்ரீரொயிட் மருந்து கலந்திருக்கும். அம்மருந்தே பருவை வருவிக்கும். பரு பெரிதாகி வடுப்படுமுன் வைத்தியரிடம் காட்டுக. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலே தோல்நோய்ச் சிகிச்சை இலவசமாகவே கிடைக்கிறது. பூசும் மருந்தின் பயன் தெரிய இரண்டு மாதமாவது செல்லும். இரண்டு நாளிற் கைவிடுவோரே பலர்.

இவற்றையெல்லாம் அம்மாணவியின் தாயாரை அழைத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டிருந்தவர், "அப்ப மீன் குடுக்கலாமோ ஐயா?" என்றார். கொடுங்கள் என்றேன். "கத்தரிக்காயோ?" என்றார். அதையும் கொடுங்கள் என்றேன். அதற்கு மட்டும் அவர் மறுமொழி சொல்லவில்லை.