சொல்ல இயலாத பிள்ளைக்கு ஒரு சொற்பலகை



எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, பலாங்கொடை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களிலே, மூன்று வயது கடந்தும் பிள்ளை பேசவில்லையென்றால், பெரியோர் ஓர் ஆறுதல் கூறுவர்: "இவன் அப்பனும் பிந்தித்தான் பேசினான், பொறுத்துப் பார்ப்போம்." சில பிள்ளைகளிடத்தே இது பலிப்பதும் உண்டு. ஆனால் காது கேளாமையாலோ, பெருமூளை வாதத்தாலோ, ஓட்டிசம் எனப்படும் நிலையாலோ பேச்சு வராத பிள்ளைக்கு, பொறுத்திருக்கும் காலம் முழுவதும் இழப்பேயாகும். பேச்சில்லாத பிள்ளைக்கு அறிவும் இல்லையென்று லயத்திலே முடிவு கட்டிவிடுவது அதனினும் பெரிய கேடு. முதலிலே காதைச் சோதிப்பிக்க வேண்டும் என்பதை இவ்விடத்திலேயே சொல்லிவைக்கின்றேன்.

இத்தகைய பிள்ளைகளுக்காக, 'டெப்' என்று நாம் வழங்கும் கைக்கணினியிலே இன்று செயலிகள் உள்ளன. திரையிலே சிறு சிறு படங்கள் தோன்றும். தண்ணீர்ப் படத்தைப் பிள்ளை தொட்டால் கருவி 'தண்ணீர்' என்று குரல் கொடுக்கும். இக்கருத்து புதியதன்று. உலக மக்கள் அனைவர்க்கும் பொதுவாகட்டும் என்று சார்ள்ஸ் பிளிஸ் என்பவர் சில குறியெழுத்துக்களை வகுத்து 1949இல் நூலாக வெளியிட்டார். உலகம் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. 1971இல் கனடாவின் ரொறன்ரோ நகரிலே, பேச இயலாத பிள்ளைகளுக்குக் கற்பிப்போரே அவற்றைத் தேடிக் கண்டெடுத்தனர். நமக்கு அண்மையிலே சென்னையில், அஜித் நாராயணன் என்னும் பொறியியலாளர், வித்யாசாகர் நிறுவனத்தாரின் துணையுடன் 'ஆவாஸ்' என்னும் கருவியை உருவாக்கினார். முதலிலே தனிக்கருவியாய் இருந்த அது, பின்னர் கைக்கணினியில் இயங்கும் செயலியாயிற்று. இன்று தமிழிலும் அது பேசுகின்றது. கையை நன்கு அசைக்க இயலாத பிள்ளையும், படங்கள் ஒவ்வொன்றாய் ஒளிர்ந்து வருகையில் ஒரே பொத்தானை அழுத்தி வேண்டியதைத் தேர்ந்துகொள்ள வகையுண்டு.

படங்களை அடுக்கிவிட்டால் மொழியாகிவிடுமா? 'அண்ணன்', 'நான்', 'அடி' என்று ஒரு பிள்ளை மூன்று படங்களைத் தொடுகின்றது என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் என்னை அடித்தானா, நான் அண்ணனை அடித்தேனா? ஓர் 'ஐ' உருபிலே வழக்கே மாறிவிடுகின்றதல்லவா! யார், யாரை, எப்போது என்னும் கேள்விகளாலே சொற்களை இணைத்துப் பொருளை நிலைநிறுத்தும் முறையொன்றை அதே நாராயணன் வகுத்து, 2013இல் உலக அரங்கொன்றிலே விளக்கினார். நம் வீட்டிலே தாயும் பாட்டியும் நாள்தோறும் செய்வதும் இதுதான். "யாரு அடிச்சா?" என்று கேட்டுக் கேட்டுத்தானே பிள்ளைக்கு வாக்கியம் கற்பிக்கின்றோம்?

ஆயத்தமாய் வரும் செயலியிலே நம் தோட்டத்துப் பிள்ளையின் உலகம் இராது. பனிமனிதன் இருக்கும், பிள்ளைக்காம்பரா இராது. பாட்டி இருப்பாள், அம்மாயி இருக்கமாட்டாள். விடியுமுன் பால் வெட்டப் போகும் தாயை, அவள் எங்கே என்று கேட்க விரும்பும் பிள்ளைக்கு 'அலுவலகம்' என்னும் படத்தால் என்ன பயன்? இறப்பர் மரத்தையும், கொழுந்துக் கூடையையும், கோயிலையும், லயத்து வாசலையும் நாமே படமெடுத்துச் சேர்க்கலாம். வீட்டார் குரலையும் பதிந்துவிடலாம். செயலிகள் பலவும் இதற்கு இடந்தருகின்றன.

கருவி பேசினால் பிள்ளை சோம்பி வாய்திறவாது போய்விடும் என்று பெற்றோர் அஞ்சுவதுண்டு. இதனை ஆராய்ந்தோர் பலர். 2006இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்றிலே, உறுதியான சான்றுடையோராய்க் கொள்ளப்பட்ட 27 பேரில் ஒருவருக்கேனும் பேச்சுக் குறையவில்லை. நூற்றுக்கு 89 பேருக்குச் சிறிதளவேனும் பெருகிற்று. பெருகிய அளவு பெரிதன்று என்பதும் உண்மையே. எனினும் அச்சத்துக்கு ஆதாரமில்லை.

எனக்கு மிக முக்கியமாய்த் தோன்றுவது வேறொன்று. பெரியோர் ஆயத்தப்படுத்தும் பலகையிலே சோறும் ரொட்டியும் கழிப்பறையும் நிறைந்திருக்கும். 'வேண்டாம்' இராது. 'நோகிறது', 'பயமாயிருக்கிறது', 'அவர் என்னைத் தொட்டார்' என்பவையும் இரா. கேட்பதற்கு மட்டும் சொற்கொடுத்து மறுப்பதற்குச் சொற்கொடாதுவிட்டால், தீங்கு செய்வோனுக்கு அதனினும் வசதி வேறில்லை. தாயும் தந்தையும் வேலைக்குப் போன பின் அடுத்த வீட்டாரிடம் நிற்கும் பிள்ளைக்கு, 'வேண்டாம்' என்பது முதல் நாளே வைக்கவேண்டிய படம். அதைப் பிள்ளை தொட்டால் நாம் கேட்கவும் வேண்டும்! குறும்பு செய்தான் என்று கருவியைப் பிடுங்கி மேலே வைக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. அது வாயைப் பொத்துவதற்குச் சமானம்.

விலை கொடுத்து வாங்க இயலாதார் காத்திருக்க வேண்டியதில்லை. மழைக்கால இரவுகளிலே மின்சாரம் போகுமிடத்தில் காகிதப் பலகை கணினியினும் நம்பகமானது. ஸ்பெயினின் அரகோன் மாநில அரசு 'அரசாக்' என்னும் படத்தொகுதியை, வணிகமல்லாத தேவைக்கு இலவசமாய் அளிக்கின்றது. பாடசாலை ஆசிரியர் ஒருவர் அச்சிட்டுத் தரலாம். இருபது படங்கள் போதும். நனையாதவாறு மேலே தாளொட்டிக்கொள்க. பேசும்போது நாமும் படத்தைத் தொட்டுத் தொட்டுப் பேச வேண்டும். ஊரார் எவரும் பேசாத மொழியை எந்தப் பிள்ளைதான் கற்கும்?

பேச்சுச் சிகிச்சையாளர்களைக் களனிப் பல்கலைக்கழகம் பயிற்றுவித்து வருகின்றது; ஆயினும் தமிழிலே சிகிச்சை அளிக்கக்கூடியோர் மிகச் சிலரே. ஆதலால் ஒவ்வொரு படத்தின் கீழும் தமிழோடு சிங்களத்தையும் எழுதிவையுங்கள். இரத்தினபுரி வைத்தியசாலைக்கோ கேகாலை வைத்தியசாலைக்கோ போகும்போது பலகையை மறவாது எடுத்துச் செல்லுங்கள். தாய்க்குச் சிங்களம் தெரியாது, வைத்தியருக்குத் தமிழ் தெரியாது, பிள்ளைக்குப் பேச்சு வராது என்னும் நிலையிலே, வயிற்றின் படத்தையும் 'நோகிறது' என்னும் படத்தையும் பிள்ளை தன் விரலால் தொட்டுக் காட்டினால், மூவரில் இருவருக்கு விளங்காதிருந்தது ஒரு நொடியிலே விளங்கிவிடும்.